ஒரே சர்வரில் இரண்டு நெட்வொர்க்குகளின் ஐபி முகவரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழுள்ள விடைகள் அனைத்தும் ஒரே அமைப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டவை. ஒரு லினக்ஸ் சர்வரில் இரண்டு நெட்வொர்க் கார்டுகள் இருக்கின்றன. முதல் கார்டில் ஓர் இணையச் சேவை நிறுவனம் வழங்கிய 192.0.2.10 என்ற முகவரியும், இரண்டாவது கார்டில் வேறொரு நிறுவனம் வழங்கிய 198.51.100.20 என்ற முகவரியும் உள்ளன. வெளியே செல்லும் வாயில்களான கேட்வேக்கள் முறையே 192.0.2.1, 198.51.100.1. தனி வழி குறிப்பிடப்படாத பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) செல்லும் இயல்புநிலை வழி முதல் நிறுவனத்தின் பக்கம் இருக்கிறது. வெளியிலிருந்து சர்வரை நாடும் பயனரின் முகவரி 203.0.113.5 என்று கொள்வோம். இந்த மூன்று முகவரித் தொகுதிகளும் ஆவணங்களில் எடுத்துக்காட்டாகக் காட்டுவதற்கென்றே ஒதுக்கப்பட்டவை என்பதால், அவற்றின் இடத்தில் உங்கள் முகவரிகளை இட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முகவரியைச் சேர்த்துவிட்டேன், கார்டும் இயங்குகிறது. ஆனால் வெளியிலிருந்து அந்த முகவரியை அழைத்தால் பதிலே வருவதில்லை. ஏன்?

கோரிக்கை பெரும்பாலும் ஒழுங்காகவே வந்து சேர்கிறது, வழிதவறுவது பதில்தான். ஒரு பாக்கெட்டை எந்தக் கார்டு வழியாக அனுப்புவது என்று தீர்மானிக்கும்போது, தனி விதி எதுவும் தரப்படாத நிலையில், லினக்ஸ் கெர்னல் (இயக்குதளத்தின் மையப் பகுதி) பெறுநர் முகவரியை மட்டுமே பார்க்கிறது. கோரிக்கை எந்தக் கார்டில் வந்தது என்பதையோ, பதிலில் அனுப்புநராக எந்த முகவரி எழுதப்பட்டிருக்கிறது என்பதையோ அது பொருட்படுத்துவதில்லை. 203.0.113.5 ஒரு வெளி முகவரி. வெளியே செல்லும் இயல்புநிலை வழியோ முதல் நிறுவனத்தின் கேட்வே. எனவே 198.51.100.20 என்ற அனுப்புநர் முகவரியைத் தாங்கிய பதில் 192.0.2.1 வழியாக வெளியேறுகிறது.

அங்கே அது நிறுத்தப்படுகிறது. முதல் நிறுவனத்தின் பார்வையில், தான் வழங்காத முகவரியை அனுப்புநராக இட்டுத் தன் வாடிக்கையாளர் ஒருவர் பாக்கெட் அனுப்புகிறார். போலி அனுப்புநர் முகவரியைக் கொண்டு நடத்தப்படும் சேவைமறுப்புத் தாக்குதல்களின் பாக்கெட்டுகளும் பார்ப்பதற்கு இப்படித்தான் இருக்கும். அவற்றை வாடிக்கையாளரின் நுழைவிடத்திலேயே தடுக்க வேண்டும் என்று 2000 மே மாதம் வெளியான ஆர்எஃப்சி 2827 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் பரிந்துரைத்தது. இரண்டு இணைப்புகளை வைத்திருப்போருக்கு அதனால் நேரும் சிக்கல்களை 2004இல் வெளியான ஆர்எஃப்சி 3704 ஆராய்ந்தது. நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்துச் சண்டையிடுவதில் பயனில்லை. அது தன் கடமையைச் செய்கிறது. திருத்த வேண்டியது சர்வரில் இருக்கிறது.

இரண்டாவது நெட்வொர்க்கிலேயே உள்ள வேறொரு கணினியிலிருந்து பிங் செய்தால் மட்டும் பதில் வருகிறதே?

அந்தக் கணினி 198.51.100.0/24 தொகுதிக்குள் (198.51.100 என்று தொடங்கும் 256 முகவரிகளுக்குள்) இருக்கிறது. அத்தொகுதிக்கு இரண்டாவது கார்டு வழியாக நேரடி வழி உண்டு என்பதால், பதில் இயல்புநிலை கேட்வேயை நாடாமல் சரியான கார்டிலேயே வெளியேறுகிறது. சோதனையை இத்தோடு முடித்துக்கொண்டு எல்லாம் சரி என்று நம்பிவிடுவதுதான் பலர் விழும் குழி. இரண்டு நெட்வொர்க்குகளையும் சாராத மூன்றாவது இடம் ஒன்றிலிருந்து, உதாரணமாகக் கைபேசியின் மொபைல் டேட்டாவிலிருந்து, சோதித்துப் பார்ப்பதே நம்பத்தக்கது.

பல நாள் சரியாக இயங்கிவிட்டு ஒரு நாள் திடீரென்று நின்றுவிட்டது. நான் எதையும் மாற்றவில்லை.

நீங்கள் மாற்றாமல் இருந்திருக்கலாம், நிறுவனம் மாற்றியிருக்கும். போலி முகவரித் தடுப்பு எல்லா இடங்களிலும் நடைமுறையில் இல்லை. அது இல்லாதவரை, ஒரு நெட்வொர்க்கில் வந்து மற்றொன்றில் திரும்பும் போக்குவரத்து தடையின்றி ஓடும். மேலே எங்கோ ஒரு ரவுட்டர் மாற்றப்பட்ட அன்று நின்றுபோகும். தற்செயலாக ஓடிக்கொண்டிருந்த அமைப்பு சரியான அமைப்பு ஆகாது.

இரண்டு இயல்புநிலை கேட்வேக்களையும் கொடுத்துவிட்டால் போதாதா?

போதாது. வெவ்வேறு மெட்ரிக் (முன்னுரிமை) மதிப்புகளுடன் இரண்டையும் சேர்த்தால் குறைந்த மதிப்புள்ள வழியே எப்போதும் தேர்ந்தெடுக்கப்படும். மற்றது முதலாவது நீக்கப்படும் வரை சும்மா இருக்கும். இரண்டையும் ஒரே பல்வழிப் பதிவாகச் சேர்த்தால், ஓர் இணைப்பு எந்தப் பக்கம் விழும் என்பது முகவரிகளைக் கொண்டு கெர்னல் போடும் ஹாஷ் கணக்கைப் பொறுத்ததாகிவிடும். சிலருக்குத் தளம் திறக்கும், சிலருக்குத் திறக்காது. அடியோடு வேலை செய்யாத அமைப்பைவிடப் பாதி வேலை செய்யும் அமைப்பில் பிழையைக் கண்டுபிடிப்பது கடினம்.

அப்படியானால் சரியான தீர்வு எது?

பெறுநர் முகவரியோடு அனுப்புநர் முகவரியையும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கும்படி கெர்னலுக்குச் சொல்ல வேண்டும். பாலிசி ரவுட்டிங் எனப்படும் இவ்வசதி 1999இல் வெளியான லினக்ஸ் 2.2 காலத்திலிருந்தே இருக்கிறது. இதற்கான கருவி ஐபிரூட்2 தொகுப்பில் உள்ள ஐபி என்ற கட்டளை.

லினக்ஸில் ரவுட்டிங் அட்டவணை ஒன்றே ஒன்று என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர். உண்மையில் தொடக்கத்திலேயே மூன்று உள்ளன: சர்வரின் சொந்த முகவரிகளுக்கான லோக்கல் அட்டவணை (எண் 255), நாம் வழக்கமாகப் பார்க்கும் மெயின் அட்டவணை (254), பொதுவாகக் காலியாகக் கிடக்கும் டீஃபால்ட் அட்டவணை (253). எந்த அட்டவணையை எப்போது பார்ப்பது என்பதை விதிகளின் பட்டியல் ஒன்று முடிவு செய்கிறது. அதில் லோக்கலுக்கு 0, மெயினுக்கு 32766, டீஃபால்ட்டுக்கு 32767 என்ற வரிசை எண்கள் இருக்கும். சிறிய எண் முதலில் பார்க்கப்படும்.

நாம் செய்ய வேண்டியது, நிறுவனத்துக்கு ஒன்றாக இரண்டு புதிய அட்டவணைகளை உருவாக்குவது. அவற்றுக்கு 101, 102 என்று எண் இடுவோம். 101ஆம் அட்டவணையில் 192.0.2.0/24 தொகுதிக்கு முதல் கார்டு வழியாக நேரடி வழியையும், 192.0.2.1 வழியாக இயல்புநிலை வழியையும் சேர்க்க வேண்டும். 102ஆம் அட்டவணையில் 198.51.100.0/24 தொகுதிக்கு இரண்டாவது கார்டு வழியாக நேரடி வழியையும், 198.51.100.1 வழியாக இயல்புநிலை வழியையும் சேர்க்க வேண்டும். பிறகு இரண்டு விதிகள்: அனுப்புநர் 192.0.2.10 எனில் 101ஐப் பார், அனுப்புநர் 198.51.100.20 எனில் 102ஐப் பார். இவ்விதிகளின் வரிசை எண் 32766க்குக் கீழே இருக்க வேண்டும். முதலில் அட்டவணைகளை நிரப்பிவிட்டு அதன் பின் விதிகளைச் சேர்ப்பது நல்லது.

மெயின் அட்டவணையில் உள்ள இயல்புநிலை வழியை நீக்கிவிடக் கூடாது. சர்வர் தானாகத் தொடங்கும் இணைப்புகளில் அனுப்புநர் முகவரி இன்னும் முடிவாகியிராது என்பதால், அவை அந்த வழியைப் பார்த்தே முகவரியைப் பெறுகின்றன.

முதல் முகவரிக்கு ஏற்கெனவே மெயின் அட்டவணை சரியாக இருக்கும்போது 101 எதற்கு என்று கேட்கலாம். இன்று தேவையில்லைதான். நாளை முதல் இணைப்பு அறுந்து, மெயினின் இயல்புநிலை வழியை இரண்டாவது நிறுவனத்துக்கு மாற்றும்போது, 101 இல்லாவிட்டால் இதே சிக்கல் தலைகீழாக வந்து நிற்கும்.

விதிகளைச் சேர்த்ததும் வெளியிலிருந்து வரும் அழைப்பு சரியாகிவிட்டது. ஆனால் உள் நெட்வொர்க்கிலிருந்து 198.51.100.20ஐ அணுக முடியவில்லை.

சர்வரில் 10.0.0.0/24 போன்ற உள் நெட்வொர்க்குக்கென மூன்றாவது கார்டு இருந்தால் இப்படி நேரும். 198.51.100.20 என்ற முகவரியிலிருந்து செல்லும் பதில் இப்போது 102ஆம் அட்டவணையை மட்டுமே பார்க்கிறது. அங்கே உள் நெட்வொர்க்கைப் பற்றி ஒரு வரியும் இல்லாததால் பதில் இரண்டாவது நிறுவனத்தின் கேட்வேக்குப் போய்விடுகிறது. மெயினில் உள்ள எல்லா நேரடி வழிகளையும் இரண்டு அட்டவணைகளிலும் சேர்த்துவிட வேண்டும்.

சர்வரை மறுதொடக்கம் செய்தால் எல்லாம் மறைந்துவிடுகிறது.

கட்டளையாகக் கொடுத்தவை நினைவகத்தில் மட்டுமே இருப்பவை. உபுண்டு சர்வரில் நெட்பிளான் கோப்பிலும், சிஸ்டம்டி நெட்வொர்க்டி பயன்படுத்துவோர் அதன் நெட்வொர்க் கோப்பிலும், ரெட் ஹாட் வழிவந்தவற்றில் நெட்வொர்க்மேனேஜர் இணைப்பு அமைப்பிலும் வழிகளையும் விதிகளையும் எழுதி வைக்கலாம். மூன்றுமே அட்டவணை எண்ணை ஏற்கும். இவற்றில் ஒன்றை மட்டும் பயன்படுத்துங்கள்; ஒன்று எழுதியதை மற்றொன்று அழிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது இனிமையான பொழுதுபோக்கு அல்ல.

பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் கருவியில் பார்த்தால் கோரிக்கை இரண்டாவது கார்டில் வருவது தெரிகிறது. ஆனால் எந்தக் கார்டிலும் பதில் வெளியேறவில்லை.

ஃபயர்வால் தடுக்கவில்லை என்று உறுதி செய்துகொண்ட பின், ஆர்பி ஃபில்டர் எனப்படும் திரும்பு வழிச் சோதனையைப் பாருங்கள். வந்த பாக்கெட்டின் அனுப்புநருக்குப் பதில் அனுப்பினால் அது எந்தக் கார்டு வழியாகப் போகும் என்று கெர்னல் கணக்கிடுகிறது. மதிப்பு 1 எனில், பாக்கெட் வந்த அதே கார்டு வழியாகவே அது போக வேண்டும். இல்லையேல் பாக்கெட் சத்தமில்லாமல் கைவிடப்படும். மதிப்பு 2 எனில், ஏதாவது ஒரு கார்டு வழியாகப் போக முடிந்தால் போதும். மதிப்பு 0 எனில் சோதனையே கிடையாது. எல்லாக் கார்டுகளுக்கும் பொதுவான மதிப்பு, அந்தக் கார்டுக்குரிய மதிப்பு ஆகிய இரண்டில் பெரியது எதுவோ அதுவே செல்லும். கார்டுக்கு மட்டும் 0 இட்டுவிட்டு ஏன் பலனில்லை என்று தேடிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பல கையேடுகள் இச்சோதனையை முற்றிலும் அணைத்துவிடச் சொல்கின்றன. அது தேவையற்றது. திரும்பு வழியைக் கணக்கிடும்போது கெர்னல் பாலிசி ரவுட்டிங் விதிகளையும் பார்க்கிறது; ஆகையால் மேலே சொன்ன விதிகள் சரியாக இருந்தால் மதிப்பு 1 இருக்கும்போதும் பாக்கெட் ஏற்கப்படும். விதிகளில் ஏதோ பிழை இருப்பதைத்தான் அந்தக் கைவிடல் காட்டுகிறது. மார்ஷியன் பாக்கெட்டுகளை (வரக்கூடாத கார்டில் வந்தவை போன்றவற்றை) பதிவு செய்யும் கெர்னல் அமைப்பை இயக்கிவிட்டு, கெர்னல் பதிவேட்டைப் பார்த்தால் கைவிடப்பட்டவை தெரியவரும்.

இரண்டு கார்டுகளும் ஒரே ஸ்விட்சில் செருகப்பட்டுள்ளன. சில நேரம் தவறான கார்டுக்குப் பாக்கெட் வருகிறது.

லினக்ஸில் ஐபி முகவரி கார்டுக்கு உரியதல்ல, சர்வருக்கு உரியது. 1989இல் வெளியான ஆர்எஃப்சி 1122 இதைத் தளர்வான மாதிரி என்றும், முகவரியைக் கார்டோடு பிணைப்பதைக் கண்டிப்பான மாதிரி என்றும் பிரித்து, இரண்டையும் அனுமதித்தது. தளர்வான மாதிரியின் விளைவாக, 198.51.100.20 யாருடையது என்ற ஏஆர்பி கேள்வி (ஐபி முகவரிக்குரிய கார்டைத் தேடும் கேள்வி) முதல் கார்டில் கேட்டாலும், அந்தக் கார்டு தன் மேக் முகவரியை, அதாவது வன்பொருள் முகவரியை, தந்து பதில் சொல்லிவிடும். இரண்டு நெட்வொர்க்குகளையும் விலேன் (ஒரே ஸ்விட்சைப் பல தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) மூலம் பிரித்துவிடுவதே சிறந்த வழி. அது இயலாதபோது கெர்னல் அமைப்புகளில் ஏஆர்பி இக்னோர் மதிப்பை 1 ஆகவும் ஏஆர்பி அனௌன்ஸ் மதிப்பை 2 ஆகவும் வையுங்கள்.

வலைத்தளம் இரண்டு முகவரிகளிலும் திறக்கிறது. டிஎன்எஸ், விபிஎன் மட்டும் இரண்டாவது முகவரியில் இயங்கவில்லை.

வலைத்தளம் டிசிபி வழியாகச் செல்கிறது. டிசிபி இணைப்பு எந்த முகவரிக்கு வந்ததோ அந்த முகவரியோடு பிணைக்கப்பட்டிருப்பதால் பதிலின் அனுப்புநர் முகவரி தவறுவதில்லை. டிஎன்எஸ்ஸும் பல விபிஎன்களும் பயன்படுத்தும் யுடிபியில் அத்தகைய பிணைப்பு இல்லை. எல்லா முகவரிகளிலும் கேட்கும்படி திறக்கப்பட்ட ஒரு யுடிபி சாக்கெட்டிலிருந்து (நிரலின் இணைப்பு முனையிலிருந்து) நிரல் பதில் அனுப்பும்போது, நிரல் தானே குறிப்பிடாவிட்டால், கெர்னல் இயல்புநிலை வழிக்குரிய 192.0.2.10ஐ அனுப்புநராக இட்டுவிடும். ஒரு வீட்டுக்கு எழுதிய கடிதத்துக்கு வேறொரு வீட்டிலிருந்து பதில் வந்தால் எப்படியோ அப்படித்தான்: கேட்ட கணினி அதைத் தன் கேள்விக்கான விடையாக ஏற்காது.

நம் விதிகள் இங்கே உதவ மாட்டா. ஏனென்றால் அவை அனுப்புநர் முகவரியை நம்பியே இயங்குகின்றன, அந்த முகவரியே இங்கு தவறு. தீர்வு நிரலில்தான் உள்ளது. ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனி சாக்கெட் திறக்கும்படி அமைக்க வேண்டும். பைண்ட் டிஎன்எஸ் சர்வர் இயல்பாகவே அப்படிச் செய்கிறது. அன்பவுண்ட் என்ற டிஎன்எஸ் சர்வரில் கேட்கும் முகவரிகளைத் தனித்தனியே குறிப்பிடலாம். ஓபன்விபிஎன்னில் இதற்கென்றே மல்டிஹோம் என்ற அமைப்பு உண்டு.

டாக்கர் கன்டெய்னரில் (சர்வருக்குள் தனி உள் முகவரியுடன் நிரலை இயக்கும் பெட்டகத்தில்) இயங்கும் சேவைக்கு மட்டும் பதில் மீண்டும் முதல் கார்டில் போகிறது.

கன்டெய்னரின் பதில் புறப்படும்போது அதன் அனுப்புநர் முகவரி 172.17.0.2 போன்ற உள் முகவரியாகவே இருக்கிறது. வழி தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகுதான் அது 198.51.100.20 ஆக மாற்றப்படுகிறது. ஆகவே 198.51.100.20க்கான விதி அதைக் காண்பதே இல்லை.

இங்கு அனுப்புநர் முகவரிக்குப் பதிலாக இணைப்பின் மீதே ஓர் அடையாளம் இட வேண்டும். இரண்டாவது கார்டில் வரும் புதிய இணைப்புக்கு எண் 2 என்று குறியிட்டு, கன்டெய்னர்களை இணைக்கும் பிரிட்ஜ் என்ற மெய்நிகர் கார்டிலிருந்து வரும் பதில் பாக்கெட்டுக்கு அந்தக் குறியை மீட்டுத் தந்து, குறி 2 உள்ளவை 102ஆம் அட்டவணையைப் பார்க்க வேண்டும் என்று விதி சேர்த்தால் போதும். குறியை மீட்கும் விதியைப் பிரிட்ஜிலிருந்து வருபவற்றுக்கு மட்டுமே வையுங்கள். இரண்டாவது கார்டில் உள்ளே வரும் பாக்கெட்டுகளுக்கும் அது பொருந்திவிட்டால், கன்டெய்னருக்குச் செல்ல வேண்டியவை 102ஆம் அட்டவணையைப் பார்த்து, வந்த வழியே வெளியே திருப்பி அனுப்பப்படும்.

சர்வரிலிருந்து வெளியே செல்லும் மின்னஞ்சல் எந்த முகவரியில் செல்லும்?

நிரல் குறிப்பிட்டுச் சொல்லாவிட்டால், மெயினின் இயல்புநிலை வழிக்குரிய முகவரியில் செல்லும். போஸ்ட்ஃபிக்ஸ் மின்னஞ்சல் சர்வரில் அனுப்பும் முகவரியை நிலையாக வைக்க வழி உண்டு. எந்த முகவரியாயினும், அதற்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவும் (முகவரிக்குரிய பெயரைச் சொல்வது) எஸ்பிஎஃப் பதிவில் (மின்னஞ்சல் அனுப்ப அனுமதி பெற்ற முகவரிகளின் பட்டியல்) இடமும் தேவை. ரிவர்ஸ் பதிவை அந்தந்த நிறுவனத்திடம்தான் கேட்டுப் பெற வேண்டும். மாற்று இணைப்புக்குத் தாவும் வழக்கம் இருந்தால் இரண்டு முகவரிகளுக்குமே இவற்றை முன்கூட்டியே செய்துவையுங்கள்.

ஓர் இணைப்பு அறுந்தால் மற்றொன்று தானாக ஏற்றுக்கொள்ளுமா?

பாலிசி ரவுட்டிங் மட்டும் அதைச் செய்யாது. கேபிள் செருகப்பட்டு விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை கெர்னல் இணைப்பு நலமாக இருப்பதாகவே கருதும். அறுந்திருப்பது கேட்வேக்கு அப்பால் எங்கோ இருக்கும். ஆகையால் ஒவ்வோர் அனுப்புநர் முகவரியிலிருந்தும் கேட்வேக்கு அப்பாலுள்ள இரண்டு மூன்று முகவரிகளைத் தொடர்ந்து சோதித்து, எதுவும் பதில் தராதபோது மெயினின் இயல்புநிலை வழியை மாற்றும் சிறு நிரல் ஒன்று வேண்டும். ஒரே ஒரு முகவரியை மட்டும் சோதிப்பது ஆபத்து. அந்த முகவரி ஓய்வெடுத்தால் உங்கள் சர்வரும் காரணமின்றி இடம் மாறும்.

நடப்பில் இருந்த டிசிபி இணைப்புகள் எப்படியும் அறுந்துபோகும்; அவை முகவரியோடு பிணைந்தவை. பல வழிகளில் ஒரே இணைப்பைத் தாங்கும் மல்டிபாத் டிசிபி, 2020இல் வெளியான லினக்ஸ் 5.6 முதல் கெர்னலில் இருக்கிறது. ஆனால் இரு முனைகளும் அதை ஆதரித்தால்தான் பயன்.

டிஎன்எஸ்ஸில் ஒரே பெயருக்கு இரண்டு முகவரிகளையும் கொடுத்தால்?

வருகை பிரிந்து வரும். ஒரு முகவரி பதில் தராவிட்டால் பெரும்பாலான உலாவிகள் மற்றொன்றை முயலும், ஆனால் அதற்கு முன் சில நொடிகள் காத்திருக்கக்கூடும்; உலாவி அல்லாத நிரல்கள் பல முதல் தோல்வியிலேயே நின்றுவிடும். அறுந்த முகவரியைப் பதிவிலிருந்து நீக்கினாலும் டிடிஎல் (பதிவை நினைவில் வைத்திருக்கக்கூடிய) காலம் முடியும் வரை அது பிறரின் தற்காலிக நினைவில் இருக்கும்.

அலுவலகத்தில் இரண்டு பிராட்பேண்ட் மோடம்கள், இரண்டுமே 192.168.1.1. இதையே செய்யலாமா?

செய்யலாம், ஒரு மோடத்தின் உள் தொகுதியை 192.168.2.0/24 என்று மாற்றிய பிறகு. இரண்டு கார்டுகளிலும் ஒரே தொகுதி இருக்கும்போது வழியைப் பிரிக்க முயல்வது வீண் வேலை. அதோடு, மோடத்தின் வெளி முகவரியையும் பாருங்கள். அது 100.64.0.0 முதல் 100.127.255.255 வரையிலான எல்லைக்குள் இருந்தால், நிறுவனம் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த இணைப்பில் வெளியிலிருந்து யாரும் உங்கள் சர்வருக்கு வர முடியாது. நிலையான பொது முகவரியைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

ஐபிவி6க்கும் இதே விதிகள் பொருந்துமா?

கருத்து ஒன்றே. விதிகளையும் அட்டவணைகளையும் ஐபிவி6க்கெனத் தனியே சேர்க்க வேண்டும். ஐபிவி4க்குச் சேர்த்தவை அதைத் தொடா. ஆர்பி ஃபில்டர் ஐபிவி6க்குக் கிடையாது. பாக்கெட்டுகளை முன்னனுப்பும் வசதியை இயக்கினால், ரவுட்டர் அறிவிப்புகளைக் கெர்னல் புறக்கணிக்கத் தொடங்கி, அவற்றின் மூலம் பெற்ற இயல்புநிலை வழி காலாவதியாகிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்; அறிவிப்புகளை ஏற்கும் மதிப்பை 2 ஆக்கினால் அவை தொடர்ந்து ஏற்கப்படும்.

இரண்டு நிறுவனங்கள் வழியாகவும் ஒரே முகவரியில் இயங்க முடியாதா?

முடியும். சொந்த முகவரித் தொகுதியும் ஏஎஸ் எண்ணும் (இணையத்தில் ஒரு தனி நெட்வொர்க்கை அடையாளப்படுத்தும் எண்) பெற்று, இரண்டு நிறுவனங்களுக்கும் பிஜிபி (நெட்வொர்க்குகள் தம் வழிகளை ஒன்றுக்கொன்று சொல்லும் முறை) வழியாக அறிவிக்க வேண்டும். ஐபிவி4இல் /24ஐவிடச் சிறிய தொகுதியைப் பொதுவாக இணையம் ஏற்பதில்லை. ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்னிக் என்ற பதிவகம் இவற்றை வழங்குகிறது. இந்தியாவில் நிக்சியின் (இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம்) கீழ் இயங்கும் ஐரின் பதிவகம் மூலமும் பெறலாம். ஒற்றைச் சர்வருக்காக இதைச் செய்வது மிகை.

விண்டோஸ், பிஎஸ்டி?

விண்டோஸ் சர்வர் 2008 முதல் கண்டிப்பான மாதிரியைப் பின்பற்றுவதால் ஓர் முகவரியின் பதில் அதற்குரிய கார்டிலேயே செல்லும். ஃப்ரீபிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி ஆகியவற்றில் பிஎஃப் ஃபயர்வாலின் ரிப்ளை டூ விதி ஒரே வரியில் காரியத்தை முடித்துவிடும். லினக்ஸ் பயனர்கள் சற்றுப் பொறாமைப்படலாம்.

அமைத்ததைச் சரிபார்ப்பது எப்படி?

ஐபி ரூட் கெட் கட்டளைக்குப் பெறுநராக 203.0.113.5, அனுப்புநராக 198.51.100.20 என்று தந்தால், பாக்கெட் எதையும் அனுப்பாமலே, கெர்னல் தேர்ந்தெடுக்கும் கார்டையும் கேட்வேயையும் அது சொல்லிவிடும். 102ஆம் அட்டவணையும் 198.51.100.1உம் விடையில் வர வேண்டும். பிறகு இரண்டு கார்டுகளிலும் டிசிபிடம்ப்பை ஓடவிட்டு வெளியிலிருந்து அழைத்துப் பாருங்கள். பதில் முதல் கார்டில் தெரிந்தால் விதி பொருந்தவில்லை; எதிலும் தெரியாவிட்டால் ஆர்பி ஃபில்டர் அல்லது ஃபயர்வால்; இரண்டாவது கார்டில் தெரிந்தும் பயனருக்குப் போய்ச் சேராவிட்டால் நிறுவனத்திடம் கேட்கலாம்.

இவற்றையெல்லாம் தொலைவிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகச் செய்யலாமா?

செய்யலாம், திரும்பும் வழியை முதலில் அமைத்துக்கொண்டால். நெட்பிளான் டிரை கட்டளை புதிய அமைப்பை இயக்கிவிட்டு, 120 நொடிகளுக்குள் நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையதற்கே திரும்பிவிடும். கட்டளைகளைக் கையால் இடுபவர்கள், விதிகளை நீக்கும் வேலை ஒன்றைப் பத்து நிமிடம் கழித்து இயங்கும்படி திட்டமிட்டுவிட்டுத் தொடங்கலாம். எல்லாம் சரியானதும் அதை ரத்து செய்துவிடலாம். எஸ்எஸ்எச்சில் முதல் முகவரி வழியாக நுழைந்துகொண்டு, இரண்டாவது முகவரிக்கான அட்டவணையை மட்டும் அன்று மாற்றுவது இன்னும் பாதுகாப்பானது.